முன்பக்கம் மூடிய படகு

காலை ஒன்பது மணிக்கு அந்தப் பத்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லிப்டுக்காக ஒரு கூட்டம் நிற்பது வழக்கம். அன்றும் நின்றது. கதவு திறந்ததும் எட்டுப் பேர் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். கடைசியாக, கையில் தேநீர்க் கோப்பையோடு ஒரு கனத்த மனிதர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நுழைந்தார். லிப்ட் 'கீ' என்று கத்தியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. கனத்தவர் தாமாகவே பின்வாங்கி வெளியே வந்தார். "நம்மள இதுக்குப் பிடிக்கலை போல" என்று சிரித்துக்கொண்டார். கதவு மூடியது.

பக்கத்துச் சுவரில் ஒரு பலகையைக் கழற்றி வைத்துவிட்டு ஒயர்களைச் சோதித்துக்கொண்டிருந்த லிப்ட்காரர் இதை ரசித்துப் பார்த்தார். லிப்ட் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் அவருடைய தொழில். அந்த இயந்திரத்தில் அவருக்கு மிகவும் பிடித்தது மோட்டாரோ கம்பி வடமோ அல்ல, இந்த மணிதான். ஆள் கூடிவிட்டால் அடிக்கும். மேலாளர் ஏறினாலும் அடிக்கும், தரை துடைக்கிறவர் ஏறினாலும் அதே குரலில் அடிக்கும். இறங்கியவர் எவரும் வீட்டுக்குப் போய், 'அந்த லிப்ட் என்னை மதிக்கலை' என்று மூக்கைச் சிந்தியதில்லை.

அவருக்கு அந்த வித்தை வராது. அப்போதே பைக்குள் போன் அடித்தது. யாரோ ஒருவர் பன்னிரண்டு மணிக்குள் வந்து பார்க்கவேண்டும் என்றார்.

"ஆகட்டும் சார். பன்னிரண்டு மணிக்குள்ள வந்துடறேன்."

வாசல் காவலாளி சிரித்தார். "ஏன் சார், அதே பன்னிரண்டு மணியத்தானே இப்ப இன்னொருத்தருக்கும் சொன்னீங்க?"

"என்னங்க பண்றது? வாய்விட்டுக் கேட்டுட்டாரே!"

ஊரில் அவருக்கு 'ஆகட்டும் சார்' என்றே பெயர். முகத்துக்கு முன்னால் கூப்பிட மாட்டார்கள். அவருக்குத் தெரியும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

அந்த ஊரில் கடல் போலப் பரந்த ஓர் ஏரி உண்டு. அதில் விரைவுப் படகு ஓட்டவேண்டும் என்பது லிப்ட்காரருக்கு வாலிப வயதிலிருந்தே ஆசை. தொழில் நன்றாக நடந்தது. ஒருநாள் மெதுவாக வீட்டில் பேச்சை எடுத்தார். மறுப்பு வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை.

"வாங்குங்க" என்றாள் மனைவி. "ஊர்ல இருக்கறவங்க கேட்டதுக்கெல்லாம் தலையாட்டியே பாதி வயசு போயிடுச்சு. உங்களுக்குன்னு ஒண்ணாவது இருக்கட்டும்."

அவள் மருந்துக் கடையில் மருந்தாளர். மருத்துவர் சீட்டு இல்லாமல் வந்து கெஞ்சுகிறவர்களிடம் நாள் முழுக்க 'தர முடியாதுங்க' என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைப் பார்த்து அதே முகத்தோடு 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்கிறவள். ஒரே கூரையின் கீழ் இப்படி இரண்டு பேர் எப்படி வாழ்கிறார்கள் என்று உறவினர்கள் வியப்பதுண்டு.

சனிக்கிழமை மாலை மூன்று பேரும் படகு விற்பனை நிலையத்துக்குப் போனார்கள். பதினொரு வயது மகள் முன்னால் ஓடினாள். கூடத்தில் இரண்டு படகுகள் அருகருகே நின்றன. ஒரே உடல், ஒரே எஞ்சின், ஒரே வெள்ளை, பக்கவாட்டில் ஒரே சிவப்புக் கோடு. வித்தியாசம் முன்பக்கத்தில்தான். ஒன்று திறந்த மாடல்: முன்கண்ணாடியின் நடுவே ஒரு சிறு கதவு, அதைத் தாண்டிப் போனால் படகின் மூக்குவரை இருபுறமும் மெத்தை போட்ட இருக்கைகள். மற்றது மூடிய மாடல்: கண்ணாடிக்கு முன்னால் மூக்குவரை வழவழவென்று ஒரே மூடி, அடியில் சாமான் வைக்க ஒரு சிறு அறை. திறந்ததில் ஒன்பது பேர் உட்காரலாம். மூடியதில் ஐந்து இருக்கைகள்தான். அதிகபட்சம் ஆறு பேர் என்று ஓட்டுகிறவரின் கண்ணெதிரே தகடு அடித்திருந்தது.

மகள் திறந்த படகில் ஏறி முன்பக்க மெத்தையில் குப்புறப் படுத்துக்கொண்டாள். "அப்பா, இதுதான்! இங்க படுத்துக்கிட்டே தண்ணியத் தொடலாம் போல!"

"எது பாதுகாப்பு?" என்று மனைவி விற்பனைப் பெண்ணிடம் கேட்டாள், மருந்தின் பக்கவிளைவை விசாரிக்கிற குரலில்.

"ரெண்டும் பாதுகாப்புதாங்க. ஓட்டறவங்க கையிலதான் இருக்கு. திறந்ததுல, காத்து அடிக்கற நாள்ல முன்னாடி ஆள் கனம் ஏத்தினா மூக்கு தாழ்ந்து அலை உள்ள வந்துடும். வேகமா போறப்ப முன்னாடி உக்கார விடக்கூடாது. மூடினதுல அலை மேலயே வழிஞ்சு போயிடும். ஆனா அந்த மூடி மேல யாரும் ஏறி உக்காரக்கூடாது. பாருங்க, பிடிக்க ஒண்ணுமே இல்ல. சும்மாவே வழுக்கும், ஈரமானா கேக்கவே வேணாம்."

லிப்ட்காரர் திறந்த படகில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். மனசுக்கு அதுதான் பிடித்திருந்தது. ஆனால் கண் அந்த முன்பக்க மெத்தைகளை எண்ணியது. ஒவ்வொரு மெத்தையிலும் ஒரு முகம் தெரிந்தது. மைத்துனர், மைத்துனரின் மனைவி, மைத்துனரின் நண்பர், அந்த நண்பரின் சித்தப்பா. 'மாப்பிள்ளை, இடம்தான் இருக்கே!' என்ற குரலும் காதில் விழுந்தது.

இதில் அவருக்குப் பழைய அனுபவம் உண்டு. முன்பு ஒரு பெரிய வேன் வைத்திருந்தார். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்திலிருந்து கண் ஆபரேஷன் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் போயிற்று. பொறுக்க முடியாமல் அதை விற்றுவிட்டுச் சின்னக் கார் வாங்கினார். கூட்டம் குறையவில்லை, மடியில் உட்கார ஆரம்பித்தார்கள். ஒருமுறை கியரைப் போடுவதற்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரிடம், 'முழங்காலைக் கொஞ்சம் நகத்துறீங்களா?' என்று ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டுக்கொண்டே ஊர்போய்ச் சேர்ந்தார். வண்டி சின்னதானால் வேலைக்கு ஆகாது என்று அன்றே விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அவருக்கு விளங்கியது வேறு: கார் போதுமான அளவுக்குச் சின்னதாக இல்லை!

"மூடினதே இருக்கட்டும்" என்றார்.

மகளின் முகம் சுருங்கியது. "ஏம்ப்பா?"

"அலை உள்ள வராதாம்ல? பாதுகாப்பு முக்கியம்மா."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி கேட்டாள்: "எங்க அண்ணனுக்குப் பயந்துதானே அதை எடுத்தீங்க?"

"சேச்சே! அலைக்காகத்தான்."

"எங்க அண்ணனும் அலை மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மைத்துனரைப் பற்றிச் சொல்லவேண்டும். காப்பீட்டு நிறுவனத்தில் கிளை அதிகாரி. உரத்த குரல், அதைவிடப் பெரிய மனசு. லிப்ட்காரருக்குக் குடல்வால் அறுவை நடந்தபோது மூன்று இரவும் ஆஸ்பத்திரித் தரையில் துண்டை விரித்துப் படுத்தவர் அவர்தான். கையில் இருப்பதை யாருக்கும் கொடுப்பார். அடுத்தவர் கையில் இருப்பதையும் அதே தாராளத்தோடு கொடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் இல்லை என்று சொல்ல எந்த வாயால் முடியும் என்பது லிப்ட்காரரின் கட்சி.

முதல் சில வாரங்கள் மூன்று பேருமாகப் போய்வந்தார்கள். படகு சொன்னபடி கேட்டது. பிறகு ஒரு வியாழக்கிழமை போன் வந்தது.

"மாப்பிள்ளை! எங்க மண்டல மேலாளரும் அவங்க வீட்டம்மாவும் ஊருக்கு வந்திருக்காங்க. நம்ம போட்டப் பத்தி ஆபீஸ்ல சொன்னேன். மனுஷன் அசந்துட்டாரு. ஞாயித்துக்கிழமை ஒரு சுத்து காட்டிடலாமா?"

'நம்ம போட்' என்ற சொல் லிப்ட்காரரின் காதில் சற்று நேரம் நின்றது. அவர்கள் இரண்டு பேர், மைத்துனர், அவர் மனைவி, அவர் மகள், நாமும் பொண்ணும். ஏழு. தகட்டில் ஆறு. தம் மனைவிக்கு அன்று கடையில் வேலை. அவள் வராதபோதே ஏழு.

"ஆகட்டும் மச்சான்" என்றது வாய்.

போனை வைத்தபின் அவர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். துறைக்கு வந்து பார்க்கட்டும். ஐந்து இருக்கைகள் கண்ணுக்குத் தெரியத்தானே போகிறது? லிப்டில் கடைசியாக ஏறினவர் தாமாக இறங்கிக்கொள்வதுபோல ரெண்டு பேர் தாமாக ஒதுங்கிக்கொள்வார்கள். நாம் எதற்கு வாயைத் திறக்கவேண்டும்? படகே சொல்லிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில் வெயில் இதமாக இருந்தது. மேலாளர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரை ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் மரியாதையாக உட்காரவைத்தார் மைத்துனர். பின் இருக்கையில் மேலாளரின் மனைவி, தம் மனைவி, லிப்ட்காரரின் மகள் மூவரையும் அடக்கினார். பிறகு இடுப்பில் கைவைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, அஞ்சு சீட்டுதானா?"

"ஆமா மச்சான். அஞ்சுதான்."

இதோ வந்துவிட்டது என்று லிப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மைத்துனர் ஒதுங்கவில்லை. அவர் பார்வை கண்ணாடியைத் தாண்டி முன்பக்கத்துக்குப் போனது.

"அடடே! இவ்ளோ பெரிய இடம் சும்மா கிடக்குது, சீட்டு இல்லங்கறீங்க! கட்டில் மாதிரி இருக்கே. நானும் பாப்பாவும் இதுல உக்காந்துக்கறோம்." உள்ளங்கையால் மூடியைத் தட்டிப் பார்த்தார். பாப்பா என்பது அவர் மகள். கல்லூரிப் படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருப்பவள்.

பின் இருக்கையிலிருந்து லிப்ட்காரரின் மகள் எட்டிப் பார்த்தாள். "மாமா, அது மேல உக்காரக் கூடாது. கடையில அந்த அக்கா சொன்னாங்க. வழுக்குமாம்."

"அது ஓட்டத் தெரியாதவங்களுக்கும்மா! உங்கப்பா ஓட்டறப்ப மாமாவுக்கு என்ன பயம்? இல்லையா மாப்பிள்ளை?"

எல்லோரும் லிப்ட்காரரைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். 'கூடாது மச்சான்' என்ற இரண்டு சொற்கள் அவர் தொண்டைவரை வந்தன. மேலாளரின் தொப்பியைப் பார்த்தார். மைத்துனரின் சிரித்த முகத்தைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் அந்தச் சிரிப்பை எப்படி அணைப்பது?

"மெதுவாத்தான் போகப்போறோம்" என்றார். "கெட்டியாப் பிடிச்சுக்கோங்க மச்சான்."

பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

லைஃப் ஜாக்கெட் ஆறுதான் இருந்தது. "எனக்கு வேணாம், இந்த உடம்பு தானா மிதக்கும்" என்று மைத்துனர் தொப்பையைத் தட்டிக்காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மகள் தன்னுடையதை முதலில் போட்டுக்கொண்டாள். துறையை விட்டு நகர்ந்ததும், போட்டோவில் நன்றாக இல்லை என்று கழற்றி, மூடியின் மேல் மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எல்லாரும் பாலிசி போட்டாச்சுல்ல?" என்று மேலாளர் கேட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

கொஞ்ச தூரம் படகு மெதுவாகவே போனது. லிப்ட்காரருக்குச் சாலை தெரியாமல் கார் ஓட்டுவது போல இருந்தது. கண்ணாடி முழுக்க மைத்துனரின் முதுகு. இரண்டு முதுகுகளுக்கும் நடுவில் தெரிந்த கையகல நீரைப் பார்த்து ஓட்டினார்.

"இவ்ளோதான் போகுமா?" என்று மேலாளர் கேட்டார். குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ரேஸ் போட்டுன்னு சொன்னாரே."

முன்னாலிருந்து மைத்துனர் திரும்பிக் கையை வீசினார். "ஒரு தட்டு தட்டுங்க மாப்பிள்ளை! சார் பாக்கட்டும்!"

லிப்ட்காரர் வேகக் கைப்பிடியை முன்னுக்குத் தள்ளினார். மூக்கு உயர்ந்தது. படகு நீரின் மேல் ஏறிச் சீறியது. மைத்துனரின் மகள் போனை உயரத் தூக்கிப் பிடித்து 'ஹே!' என்று கத்தினாள். எல்லோருக்கும் அது நன்றாகத்தான் இருந்தது. ஓட்டியவருக்கும் ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது.

அக்கரைக்குப் போகும் பயணிகள் படகு ஒன்று சற்று முன்புதான் குறுக்கே போயிருந்தது. அது விட்டுச்சென்ற அலைகளின் வரிசை முதுகுகளுக்குப் பின்னால் மறைந்து இருந்ததால் அவர் கண்ணில் படும்போது மிக அருகில் வந்துவிட்டது. பதறிக் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தார். உயர்ந்திருந்த மூக்கு 'தொப்' என்று விழுந்தது. அதே கணத்தில் முதல் அலை அதைத் தூக்கி அடித்தது. மைத்துனர் மல்லாந்து விழுந்து கண்ணாடியின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். அவர் மகள் உட்கார்ந்திருந்த ஜாக்கெட், வழவழத்த மூடியின் மேல் சறுக்குப் பலகை போல ஓடியது. அவளும் அதோடு ஓடினாள். மூக்கின் இடதுபுறமாகத் தண்ணீருக்குள் போனாள்.

படகு நிற்கவில்லை. அவள் விழுந்த இடத்தின் மேலேயே போய்க்கொண்டிருந்தது. பின்னால் நீருக்கடியில் ப்ரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருந்தது.

எஞ்சினை ஒரே இழுப்பில் நிறுத்துவதற்கு ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும். லிப்ட்காரர் கையை உதறி அதைப் பிடுங்கினார். எஞ்சின் அடங்கியது. அதன்பின் அடிப்பலகையில் எதுவோ ஒருமுறை மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மைத்துனரின் மனைவி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை எட்டிப் பார்த்தாள்.

பின்பக்கம் சற்றுத் தள்ளி ஒரு தலை மேலே வந்தது. ஒரு கை மட்டும் அடித்துக்கொண்டது. லிப்ட்காரர் தம் ஜாக்கெட்டைக் கழற்றி வீசினார். அவள் அதைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவரே குதித்து, அவளைப் பின்புறத்து ஏணிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நீச்சல் தெரியாத மைத்துனர் மூடியின் மேல் குப்புறக் கிடந்தபடி, "பாப்பா, பாப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கி வரவும் அவரால் முடியவில்லை. பிடித்த கையை விட்டால் அவரும் போய்விடுவார்.

ஆஸ்பத்திரியில் தோள்பக்கக் காறை எலும்பு முறிவு என்றார்கள். தலையில் அடியில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்திருந்தால் இந்தக் கட்டிலுக்கே வந்திருக்க மாட்டாள் என்று மருத்துவர் ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மருந்துக் கடை வெள்ளைக் கோட்டோடு மனைவி ஓடிவந்தாள். முதலில் மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு அண்ணன் மகளைப் போய்ப் பார்த்தாள். அதன்பின் வந்து கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள்தான் சொன்னாள்: "நான் சொன்னேம்மா. அப்பாவும் சொல்லுவாங்கன்னு பாத்தேன்."

எதிரே மைத்துனர் வந்து நின்றார். திட்டட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று லிப்ட்காரர் எழுந்தார். மைத்துனரின் குரல் அன்றுதான் முதன்முறையாகத் தாழ்ந்திருந்தது.

"மாப்பிள்ளை, அங்க உக்காரக்கூடாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மச்சான்."

"புள்ள சொன்னது வெளையாட்டில்லையா?"

"இல்ல. கடையில எங்க மூணு பேருக்கும்தான் சொன்னாங்க."

"அப்புறம் ஏன் நீங்க சொல்லல?"

"நீங்க தப்பா நெனச்சுக்குவீங்கன்னு... உங்க மேலாளர் முன்னாடி... எனக்குச் செஞ்சதையெல்லாம் நெனச்சு..."

"தப்பாத்தான் நெனச்சிருப்பேன்" என்றார் மைத்துனர். "பொய் சொல்லமாட்டேன். மூஞ்சிய உர்ருன்னு வெச்சுக்கிட்டு இறங்கியிருப்பேன். ரெண்டு வாரம் உங்க வீட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டேன். அவ்ளோதான் மாப்பிள்ளை, அதுக்கு மேல என்ன ஆகியிருக்கும்? எனக்குப் புத்தி இல்ல, ஏறினேன். தெரிஞ்ச நீங்க எம் மூஞ்சி வாடக்கூடாதுன்னு எம் பொண்ணத் தண்ணில விட்டுட்டீங்களே!"

அவர் போய்க் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரமே படகை விற்றுவிடப்போவதாக வீட்டில் சொன்னார். மனைவி சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"வேன வித்தீங்க. இப்போ படகு. அடுத்தது என்ன, வீடா? வீட்டுலயும் ஆள் வந்து உக்காரத்தான் செய்யறாங்க." தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "கடைக்கு வர்றவங்க என்னையத் திட்டாத நாள் இல்ல. அலமாரியா திட்டு வாங்குது? நான்தான் வாங்கறேன். மருந்து கையில இருக்கறவங்க வாங்கித்தான் ஆகணும். படகு உங்க கையில இருந்துச்சு."

அவர் படகு ஓட்டுவதை விடவில்லை. இரண்டு மாதம் கழித்து மூடியதை அதே விற்பனை நிலையத்தில் கொடுத்துவிட்டு, திறந்த மாடலை எடுத்துவந்தார். ஏன் என்று விற்பனைப் பெண் கேட்டாள். முதலிலேயே பிடித்தது இதுதான் என்று உண்மையைச் சொன்னார்.

மைத்துனரின் மகளுக்குத் தோள் தேறியது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தண்ணீர்ப் பயம் விடவேண்டும் என்று அவளே கேட்டாள். துறைக்கு மைத்துனர் குடும்பம் மூன்று பேராக வரும் என்றுதான் பேச்சு. ஐந்து பேராக வந்தார்கள். வழியில் பார்த்த பழைய நண்பரையும் அவர் மனைவியையும் மைத்துனர் கையோடு அழைத்துவந்துவிட்டார். சில குணங்கள் காறை எலும்பைப்போல் அத்தனை சீக்கிரம் சரியாகிவிடுவதில்லை.

"இப்ப என்ன மாப்பிள்ளை, ஒம்பது சீட்டு! நாம எட்டுப் பேர்தான். எல்லாருக்கும் ஜாக்கெட். மூடி கீடி எதுவும் இல்ல. எண்ணிட்டுத்தான் வந்தேன்!" என்றார் பெருமையாக.

அவர் சொன்னது சரிதான். தகட்டிலும் ஒன்பது என்றே இருந்தது. ஜாக்கெட்டும் பத்து இருந்தது. லிப்ட்காரர் ஏரியைப் பார்த்தார். காலையிலிருந்து காற்று. நடு ஏரியில் அலைகள் வெள்ளையாகப் புரண்டன. முன்பக்கத்தில் மூன்று பேர் உட்கார்ந்தால் மூக்கு தாழும். தாழ்ந்தால் அலை நேராக அவர்கள் மடிக்கு வரும். இதைச் சொல்ல எந்தத் தகடும் இல்லை, எந்த மணியும் அடிக்காது.

"இன்னைக்கு அஞ்சு பேர்தான் மச்சான்."

"என்னது?"

"காத்து அதிகம். முன்னாடி யாரையும் உக்காரவைக்க மாட்டேன். பாப்பா, பாப்பாவோட அம்மா, நாங்க மூணு பேர் முதல்ல போறோம். கரையோரமாத்தான். திரும்பி வந்து உங்க மூணு பேரையும் கூட்டிட்டுப் போறேன்."

நண்பர் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார். மைத்துனரின் முகம் சிவந்தது. "கூட்டிட்டு வந்த மனுஷன் முன்னாடி என்னையக் கரையில நிறுத்தறீங்களா?"

'ஆகட்டும்' என்ற பழைய சொல் லிப்ட்காரரின் நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதை அப்படியே விழுங்கினார்.

"ஆமா மச்சான். நிறுத்தறேன்."

"எனக்கு ரெண்டாவது ரவுண்டும் வேணாம், மூணாவது ரவுண்டும் வேணாம்." மைத்துனர் விறுவிறுவென்று போய்த் துறையின் சிமெண்ட் பெஞ்சில், ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டினாள். "விடுங்கண்ணே. அவர் பெஞ்சுலயிருந்து விழமாட்டார்."

படகு கரையோரமாகப் போனது. முன்பக்கத்து மெத்தைகள் வெறுமையாகக் கிடந்தன. கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. மைத்துனரின் மகள் பின் இருக்கையில் அத்தையின் கையைப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. ஓர் அலை மூக்கில் மோதி, ஆளில்லாத மெத்தைகளை நனைத்துவிட்டு வழிந்தது. லிப்ட்காரரின் மகள் அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

மனைவி கரைப் பக்கம் திரும்பினாள். "எங்க அண்ணன் இன்னும் திரும்பல பாருங்க. அந்த முதுகே கோவமா இருக்கு. சமாதானம் ஆக ஒரு மாசம் ஆகும்."

லிப்ட்காரர் வேகத்தைக் குறைத்தார். அவரும் ஒருமுறை கரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கோவிச்சுக்கிட்டுக் கரையில உக்காந்திருக்கற மனுஷனத் தேடிப் போய்க் காலப் பிடிச்சாவது சமாதானம் பண்ணிக்கலாம். தண்ணில போனவரை எங்க தேடிப் போறது? அடுத்தவங்க முகம் கோணக்கூடாதுன்னு நான் தலையாட்டினதெல்லாம் அன்புன்னு நெனச்சிட்டிருந்தேன். அன்பு இல்ல, பயம். வேண்டியவங்களா இருந்தா, வேணாம்னு சொல்ல வேண்டிய இடத்துல அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும்."